வெறும் போத்தலுக்கு ஒரு விலை: திருகோணமலையும் வட்டப் பொருளாதாரமும்

பூமியிலிருந்து தோண்டியெடுக்கப்படும் மூலப்பொருள் பண்டமாக உருமாறி, சில நிமிடங்களோ சில ஆண்டுகளோ பயன்பட்டு, முடிவில் குப்பைமேட்டையோ கடலையோ சென்றடையும் ஒருவழிப் பயணத்தைப் பொருளியலாளர் நேர்கோட்டுப் பொருளாதாரம் என்பர். அதற்கு மாற்றாக, செய்த பொருளை இயன்றவரை நெடுங்காலம் பாவனையிலேயே வைத்திருந்து, பழுதுபட்டால் திருத்தி, ஒருவருக்கு வேண்டாததை இன்னொருவருக்குக் கைமாற்றி, இவை எதற்கும் வழியில்லாதபோது மட்டுமே உருக்கியோ மக்கச் செய்தோ மீண்டும் மூலப்பொருளாக்கும் ஏற்பாடு வட்டப் பொருளாதாரம் எனப்படுகிறது. பூமியை எல்லையற்ற வெளியாகக் கருதாமல், உள்ளே இருப்பதைக் கொண்டே வாழவேண்டிய விண்கலமாகக் கருத வேண்டும் என்று கென்னத் போல்டிங் 1966 இல் எழுதிய கட்டுரை இச்சிந்தனையின் ஊற்றுகளுள் ஒன்று. பத்து ஆண்டுகளின் பின், சுவிற்சர்லாந்தின் கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாகல், ஜெனிவீவ் ரெடேயுடன் இணைந்து ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு அளித்த அறிக்கையில், புதிய பொருளை உற்பத்தி செய்வதற்குச் செலவாகும் சக்தியின் இடத்தில் பழைய பொருளைப் பேணும் மனித உழைப்பைக் கொண்டுவர முடியும் என்று வாதிட்டார். அவர் வழிவந்தோர் வலியுறுத்தும் விதி எளிமையானது: வட்டம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. உடைந்ததைத் திருத்துவது அதை உருக்குவதைவிடச் சிக்கனமானது. உடையாமல் வைத்திருப்பது திருத்துவதைவிடச் சிக்கனமானது.

இவ்வளவும் பொருள்களைப் பற்றியது. பொருளைக் கையில் வைத்திருக்கும் மனிதரைப் பற்றி இத்துறை பேசியது குறைவு. வட்டப் பொருளாதாரத்துக்கு ஆய்வுலகில் வழங்கும் 114 வரைவிலக்கணங்களை 2017 இல் தொகுத்து ஆராய்ந்த கிர்ச்சர் முதலானோர், அவற்றுள் பெரும்பாலானவை நுகர்வோரைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சுட்டிக்காட்டினர். உற்பத்தியாளர் எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும், வெறுமையான போத்தலை வீதியோரம் எறிவதா, கடைக்குக் கொண்டுபோவதா என்ற முடிவு எடுக்கப்படும் இடத்தில் பொறியியலாளர் எவரும் நிற்பதில்லை. அந்த முடிவை எது தீர்மானிக்கிறது என்பதைப் பார்ப்பதற்குத் திருகோணமலை மாவட்டம் பொருத்தமான களம். ஏனெனில், அங்கு பொருள்கள் உள்ளே வரும் வாயில் மிகப் பெரியது, வெளியேறும் வாயில் மிகக் குறுகியது.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழமான நீரில் வந்து நிற்கும் கப்பல்கள் பிறீமா ஆலைக்குக் கோதுமையையும், டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிளிங்கர் எனப்படும், சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட கட்டிகளையும், சீனன்குடாவுக்கு எரிபொருளையும் இறக்குகின்றன. மாவும் சீமெந்தும் எரிபொருளும் லொறிகளிலும் புகையிரதத்திலும் ஏறித் தீவெங்கும் செல்கின்றன. கந்தளாய், தம்பலகாமம் வயல்களின் நெல்லும், மூதூர், கிண்ணியா, குச்சவெளிக் கரைகளின் மீனும் அவ்வாறே வெளியேறுகின்றன. ஆனால், மாவட்டத்தின் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களும், கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக் கடற்கரைக்கும் வருவோரும் வாங்கிப் பிரிக்கும் பொதிகளின் உறை, பை, போத்தல், உடைந்த கதிரை, கிழிந்த வலை என்பன வந்த வழியே திரும்பிச் செல்வதில்லை. அவற்றைத் திருப்பி அனுப்புவது எவருடைய தொழிலும் அல்ல.

துறைமுகத்துக்கு ஒரு பொருளை நெடுங்காலம் வைத்திருக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் 1930களில் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளக்கூடியது. 2003 முதல் ஒரு பகுதியை லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் பயன்படுத்திவர, 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 61 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதமும் ஐ.ஓ.சி.க்கு 49 சதவீதமும் உரிமையுள்ள கூட்டு நிறுவனத்துக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், 14 ஐ.ஓ.சி.க்கும் எனப் பிரிக்கப்பட்டன. போரும் புறக்கணிப்பும் கண்ட, தொண்ணூறு வயதை எட்டும் இரும்புக் குதங்களுக்காக இலங்கையும் இந்தியாவும் பேரம் பேசுவதே, தடித்த தகட்டில் பழுதுபார்க்கக்கூடிய விதத்தில் செய்யப்பட்ட பொருளின் மதிப்புக்குச் சான்று.

இதே துறைமுகத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் தீப்பற்றிய சகாயிங் என்ற வணிகக் கப்பல், அடுத்த ஆண்டு வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டு, அதன் உடல் இறங்குதுறையாகப் பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 75 ஆண்டுகள் நீருக்குள் கிடந்த அதை 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மிதக்கவைத்தனர். ஓடமுடியாத கப்பல் துறையாக மாறியது மறுபயன்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், 2021 ஜூனில் நெடுந்தீவுக் கடலில் மீன்பெருக்கத்துக்கென இறக்கப்பட்ட பழைய பேருந்துகளை அந்த வகையில் சேர்ப்பதா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டு மீனவர் தங்கள் வலைகள் சிக்கும் என்று எதிர்ப்புத் தெரிவித்தது ஒருபுறமிருக்க, மெல்லிய தகடு உப்புநீரில் சில ஆண்டுகளிலேயே அரித்துப்போகும், உருக்கியிருந்தால் அதே இரும்பு மீண்டும் கம்பியாகியிருக்கும். வட்டம் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் வட்டம் ஆகிவிடுவதில்லை.

அரசுகளும் கடற்படைகளும் ஒரு பொருளைக் காப்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. அதன் பெறுமதி கணக்கேட்டில் இருக்கிறது. சாதாரண நுகர்வோரின் கையில் இருக்கும் பொருளின் நிலை வேறு. நுகர்வோர் நடத்தை பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காணும் ஓர் உண்மை, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலான இடைவெளி: சுற்றாடலைக் காக்க வேண்டும் என்று சொல்வோரின் தொகைக்கும் அதற்காகத் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்வோரின் தொகைக்கும் இடையே பெரும் பள்ளம் கிடக்கிறது. இதைக் கண்டு பலர் மக்களின் அலட்சியத்தைச் சாடுகின்றனர்; விழிப்புணர்வுப் பதாகைகள் தொங்குகின்றன. நோய் இன்னதென்று அறியாமல் கொடுக்கப்படும் மருந்து இது. நல்லெண்ணம் உள்ளவர்கூட, கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஓர் இடமும் அதற்கு ஒரு பயனும் இல்லாதபோது, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பார்?

கண்ணாடிப் போத்தலின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிளாஸ்டிக் போத்தல் பரவுவதற்கு முன், இலங்கைக் கடைகளில் சோடாவும் குளிர்பானமும் கண்ணாடிப் போத்தலில்தான் பெரும்பாலும் விற்கப்பட்டன. போத்தலுக்கென ஒரு வைப்புப் பணம் கொடுக்கவேண்டும், அல்லது வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்து நிறைபோத்தலை வாங்கவேண்டும். அத்தகைய பழைய போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தால், தோள்பட்டையிலும் அடிப்பாகத்தின் சற்று மேலும் வெண்மையாகத் தேய்ந்த இரு வளையங்கள் தெரியும். கழுவும் ஆலையிலும் பெட்டியிலும் பக்கத்துப் போத்தல்களோடு உராய்ந்து உண்டான அவ்வளையங்களின் தடிப்பே அது எத்தனை முறை போய்வந்தது என்பதற்கான பதிவு. இருபது முப்பது முறை நிரப்பக்கூடிய அப்போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்த சிறுவர்கள் எவரும் வட்டப் பொருளாதாரம் படித்தவர்கள் அல்லர். திருப்பிக் கொடுக்காவிட்டால் காசு போய்விடும் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கையில் புதிதாகக் கிடைக்கும் தொகையைவிட, இருந்ததை இழக்கும் தொகை மனிதருக்கு அதிகமாக உறைக்கும் என்று 1979 இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் பரிசோதனைகளால் காட்டிய இழப்பு வெறுப்பு என்னும் இயல்பைக் கடைக்காரர்கள் அனுபவத்தால் முன்பே அறிந்திருந்தனர்.

பிளாஸ்டிக் போத்தல் வந்ததும் அந்த வைப்புப் பணம் மறைந்தது. பெட் எனப்படும் பொலியெதிலீன் ரெரெப்தலேற்றினால் ஆன அரை லீற்றர்ப் போத்தல் ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் எடையுள்ளது. ஒரு கிலோ சேர்வதற்கு ஐம்பதுக்கு மேற்பட்ட போத்தல்கள் வேண்டும். பழைய பொருள் வாங்குவோர் கிலோக் கணக்கிலேயே விலை கொடுப்பர் என்பதால், ஒரு தனிப் போத்தலின் விலை குனிந்து எடுக்கும் சிரமத்துக்கும் ஈடாகாது. இத்தனைக்கும், மீள்சுழற்சிக்கு மிக இணங்கும் பிளாஸ்டிக்குகளில் பெட் முதன்மையானது. நசுக்கித் துண்டாக்கி நீரில் இட்டால், நீரைவிட அடர்த்தி கூடிய பெட் துண்டுகள் அமிழ்ந்துவிட, அடர்த்தி குறைந்த வேறு பிளாஸ்டிக்கால் ஆன மூடித் துண்டுகள் மிதக்கும். ஒரு தொட்டித் தண்ணீரே இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஹொரணையில் இயங்கும் எக்கோ ஸ்பின்டில்ஸ் நிறுவனம் இவ்வாறு பெறப்படும் பெட்டிலிருந்து துணி நூலும் தூரிகை இழையும் செய்து ஏற்றுமதி செய்கிறது.

தொழில்நுட்பம் இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது. இடையில் இருப்பது தூரம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நசுக்காத வெறும் போத்தல்கள் ஒரு கன மீற்றர் இடத்தில் 25 கிலோ அளவே கொள்ளும் என்பதால், அவற்றை ஏற்றிச்செல்லும் லொறி பெரும்பாலும் காற்றையே சுமக்கிறது. அழுத்திக் கட்டுகளாக்கினால் அதே இடத்தில் பத்து மடங்கு ஏற்றலாம். எனவே, மேல்மாகாணத்திலிருந்து தொலைவிலுள்ள ஒரு மாவட்டத்தில் பிளாஸ்டிக் போத்தல் குப்பையாவதும் பண்டமாவதும், மக்களின் மனப்பாங்கைவிட, கிண்ணியாவிலோ உப்புவெளியிலோ அழுத்திக் கட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறதா என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

வைப்புப் பணத்தின் வலிமைக்குத் தமிழ்நாட்டின் நீலகிரியிலும் சான்று கிடைத்தது. காட்டில் எறியப்படும் மதுப் போத்தல்களின் உடைந்த கண்ணாடி யானைகளின் கால்களைக் கிழிப்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதைத் தொடர்ந்து, 2022 மே மாதத்தில் அம்மாவட்டத்து டாஸ்மாக் மதுக்கடைகளில் ஒவ்வொரு போத்தலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட போத்தல்கள் திரும்பி வந்தன. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்துவிட்டுப் போத்தலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு நீலகிரியின் மதுப்பிரியர்கள் ஓரிரவில் சூழலியல் ஆர்வலர்களாகிவிட்டார்கள் என்று எவரும் நம்பமாட்டார்கள். வாங்கியவர் எறிந்தாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவருவார் என்பதும் இம்முறையின் சிறப்பு. 2003 முதல் ஒருமுறைப் பாவனைப் பான உறைகளுக்கு 25 யூரோ சதம் வைப்புப் பணம் வாங்கும் ஜெர்மனியில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 திரும்புவதும் இதே காரணத்தால்தான்.

நுகர்வோர் என்றதும் கடையில் பை நிறைய வாங்குபவரே நினைவுக்கு வருகிறார். திருகோணமலையில் பிளாஸ்டிக்கை நிறையப் பயன்படுத்தும் ஒரு நுகர்வோர் மீனவர். அவருடைய வள்ளம், வலை, கயிறு, மிதப்பு, மீன்பெட்டி எல்லாமே செயற்கைப் பொருள்கள். முன்பு வலை பருத்தி நூலாலும் சணல் நூலாலும் ஆனது; அழுகாமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்துவதும், கிழிந்த கண்ணை வலையூசியால் பொத்துவதும் கரையில் அன்றாட வேலைகள். இயந்திரப் படகுகளுடன் 1950களின் பிற்பகுதி முதல் பரவிய நைலோன் வலை அழுகவில்லை, உலர்த்தவேண்டியதில்லை, மீனும் அதிகம் பிடித்தது. முறுக்கிய நைலோன் நூல் வலையைப் பொத்துவதில் பொருள் இருந்தது; வலையின் விலை அதிகம், பொத்துபவரின் கூலி குறைவு. அதன் பின் வந்தது ஒற்றை இழையால் ஆன தங்கூசி வலை. நீருக்குள் கண்ணுக்குத் தெரியாததால் மீன் எளிதில் சிக்குகிறது, விலையும் குறைவு. ஆனால், வழுக்கும் அந்த இழையில் முடிச்சுத் தரிப்பதில்லை, பல இடங்களில் கிழிந்த பின் பொத்துவதற்கு ஆகும் நேரத்தின் பெறுமதி புதிய வலையின் விலையை மிஞ்சிவிடுகிறது. இலங்கையில் இவ்வலை தடைசெய்யப்பட்டிருந்தும் பாவனை ஒழியாததற்குக் காரணம் இந்தக் கணக்கே.

கைவிடப்பட்ட வலையின் கதை கரையோடு முடிவதில்லை. நைலோனின் அடர்த்தி கடல்நீரைவிடச் சற்று அதிகம். மிதப்புகள் கழன்றதும் அது அமிழ்ந்து முருகைக் கற்களில் போர்த்திக்கொள்கிறது. பிடிப்பவர் எவருமின்றியே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருப்பதால் அதைப் பேய்வலை என்பர். நிலாவெளிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள, 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் முருகைப் பாறைகளில் இத்தகைய வலைகள் சிக்குவதும், சுழியோடிகள் அவற்றை வெட்டி எடுப்பதும் நடந்துவருகின்றன. வெட்டும்போது வலையோடு சேர்ந்து உயிருள்ள முருகையும் உடையும் என்பதால், எடுப்பதும் ஒரு கலை. வலை விழாமல் தடுப்பதே சிறந்தது.

நைலோன் 6 என்ற வகை வலையை வெப்பத்தாலும் வேதி வினையாலும் அதன் அடிப்படை மூலக்கூறான கப்ரோலக்டமாகப் பிரித்து, மீண்டும் புதிய நைலோனாக்கலாம். இத்தாலியின் அக்குவாபில் நிறுவனம் 2011 முதல் பழைய வலைகளிலிருந்தும் கம்பளங்களிலிருந்தும் இவ்வாறு நூல் செய்கிறது; சிலி நாட்டுக் கரையோரத்தில் புரேயோ என்ற நிறுவனம் 2013 முதல் மீனவரிடம் பழைய வலைகளைப் பெற்றுப் பண்டமாக்குகிறது. அவ்வேலைக்கு வலை சுத்தமாக வரவேண்டும்: ஈயக்குண்டும் மிதப்பும் கழற்றி, வேறு பிளாஸ்டிக்கால் ஆன கயிற்றைப் பிரித்து, உப்பும் பாசியும் கழுவி, உலர்த்திக் கட்டவேண்டும். ஒரு நாள் தொழிலை விட்டு இதைச் செய்யும் மீனவருக்கு அந்நாளின் வருமானம் கிடைக்காவிட்டால், நைந்த வலை கரையில் எரிக்கப்படும் அல்லது கடலில் விடப்படும். இதில் மீனவரைக் குறைகூற இடமில்லை.

வள்ளங்களின் நிலை இன்னும் சிக்கலானது. 2004 டிசம்பர் 26 ஆம் தேதிச் சுனாமியில் கரையோரம் முழுதும் படகுகள் அழிந்தபின், உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழை வள்ளங்களைப் பெருமளவில் வழங்கின. இவ்வள்ளத்தின் பொலியெஸ்ரர்ப் பிசின், ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாத வெப்பமிறுகு வகையைச் சேர்ந்தது. மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிடுவதால் வெப்பம் ஏற்ற ஏற்றக் கருகுமே தவிர இளகாது. துளை விழுந்தால் கண்ணாடியிழைத் துணியும் பிசினும் வைத்து ஒட்டலாம், அதனால் வள்ளம் நெடுநாள் உழைக்கும். உழைத்து முடிந்தபின் மரவள்ளத்தைப்போல அடுப்புக்குக்கூட ஆகாது. அதே வள்ளத்தில் பூட்டியிருந்த என்ஜினுக்கோ மறுபிறவி உண்டு. அதன் உதிரிப்பாகங்கள் கிடைக்கின்றன, திருத்தத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறார், பழையதை வாங்குபவரும் இருக்கிறார். ஒரே மீனவரின் உடைமைகளான இரண்டில் ஒன்று கைமாறிக்கொண்டே இருப்பதும் மற்றொன்று மணலில் புதைவதும் அவருடைய மனப்பான்மையில் ஏற்பட்ட மாற்றத்தால் அல்ல.

பொலித்தீன் பையின் வரலாற்றில் அரசு வேறொரு வழியைத் தேர்ந்தது. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் 2007 முதலும், உணவு சுற்றும் லன்ச் சீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதலும், சிறு சஷே பக்கெட்டுகளும் பிளாஸ்டிக் தண்டுள்ள காதுக்குச்சிகளும் 2021 மார்ச் முதலும், உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியவற்றின் பிளாஸ்டிக் வடிவங்கள் 2023 ஒக்டோபர் முதலும் தடைக்குள்ளாயின. பட்டியல் நீண்டது, கடைத்தெருவில் அதன் விளைவு அந்த அளவுக்கு நீளவில்லை. தடை மலிவான பொருளை மறைக்கிறது, அது செய்த வேலையை மறைப்பதில்லை. சோற்றுப் பார்சலைக் குழம்பு ஒழுகாமல் சுற்றுவதற்கு அதே விலையில் வேறொன்று கிடைக்காதவரை லன்ச் சீட் ஏதோ ஒரு பெயரில் திரும்பிவரும்.

இதன் விலையைக் கொடுப்பவர் சிலவேளை மனிதராகவே இருப்பதில்லை. பிரெட்ரிக் கோட்டையிலும் அதைச் சூழ்ந்த வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள் திருகோணமலை நகரின் அடையாளம். உணவின் வாசனை ஒட்டிய பொலித்தீனைக் குப்பையிலிருந்து அவை இழுத்துத் தின்பதைப் பகலிலேயே காணலாம். மான் அசைபோடும் விலங்கு. நான்கு அறைகளுள்ள அதன் இரைப்பையில், நன்கு அரைபட்ட உணவு மட்டுமே முதல் அறைகளைக் கடந்து செல்லும். அரைபடாத பொலித்தீன் அங்கேயே தங்கித் திரண்டு, வயிறு நிறைந்திருக்கும்போதே விலங்கைப் பட்டினியில் வீழ்த்துகிறது.

பைக்கு விலை வைப்பது தடையைவிட மென்மையான வழி, பலனோ பெரிது. அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 யூரோ சத வரி விதித்தபோது, ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 328 ஆக இருந்த பைப் பாவனை 21 ஆகக் குறைந்தது. இலங்கையிலும் 2025 நவம்பர் முதல், கைபிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்காமல் விலை குறித்துப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பணித்தது. ஆயினும் மாற்றுப் பையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. பருத்தி விளைவிக்க நீரும் உரமும், நூற்க மின்சாரமும் ஆவதால், ஒரு பருத்திப் பை அதன் காலநிலைச் சுமையில் ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்கு நிகராவதற்குக் குறைந்தது 131 முறை பயன்படவேண்டும் என்று பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011 இல் கணக்கிட்டது. கருத்தரங்கு தோறும் இலவசமாகக் கொடுக்கப்பட்டு அலுமாரியில் அடுக்கப்படும் துணிப்பைகள் சூழலுக்குச் செய்யும் நன்மை எதுவுமில்லை. வீட்டில் கிடக்கும் பழைய பனையோலைப் பையே போதும்.

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று வட்டத்துக்குள் வந்துவிடுவதில்லை என்பதற்கு இம்மாவட்டத்தின் தயிர்ச்சட்டியும் சாட்சி. மூதூர், தம்பலகாமப் பகுதிகளின் எருமைத் தயிர், மண்சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சுவதாலேயே கத்தியால் வெட்டும் பதத்துக்கு இறுகுகிறது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் அப்பதம் வராது. ஆனால் களிமண்ணைத் தோண்டி, விறகெரித்துச் சுட்ட அச்சட்டி ஒரே ஒரு தடவை தயிரைச் சுமக்கிறது. நுண்துளைகளில் ஊறிய கொழுப்பைக் கழுவ முடியாததால் மீண்டும் தயிருக்கு உதவாது. பூச்செடியோ கோழித் தண்ணீரோ அதில் குடியேறுவது வீட்டாரின் சமர்த்து.

வறுமையும் தட்டுப்பாடும் மக்களை வட்டத்துக்குள் தள்ளிய காலங்களை ஈழத்தமிழர் நன்கறிவர். 1990களின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்ததும், பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியதும் மறக்கக்கூடியவை அல்ல. 2022 இன் பொருளாதார நெருக்கடியில், டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபாய் சில மாதங்களில் 360 ஐத் தாண்டியபோது, நாடெங்கும் துவிச்சக்கர வண்டிகள் வெளியே வந்தன, பழைய கைப்பேசிகள் திருத்துமிடங்களில் குவிந்தன; 2020 மார்ச் முதல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளில் இலங்கையர் தம் வாகனங்களைப் பேணிய அளவுக்கு உலகின் பசுமைப் பிரசாரம் எதுவும் பேணவைத்திருக்காது. இதைப் புகழ்வதில் ஓர் ஆபத்து உண்டு. இல்லாமையால் வந்த சிக்கனத்தை நிலைபேறு என்று பெயரிட்டால், பட்டினியை உணவுக்கட்டுப்பாடு என்பது போலாகும். தட்டுப்பாடு நீங்கியதும் பழைய நுகர்வு திரும்பிவிடுகிறது.

மேலிருந்து கட்டளையிட்டு வட்டத்தை மூட முயன்றால் என்ன நேரும் என்பதை 2021 இன் இரசாயன உரத்தடை காட்டியது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் ஒன்று இரண்டு சதவீதமே உண்டு. அந்த அளவு நைதரசனை ஈடுசெய்யும் கூட்டெரு நாட்டில் எங்கும் இல்லாத நிலையில் விதிக்கப்பட்ட தடை, அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டபோதிலும், கந்தளாய், தம்பலகாமம் உட்பட நெற்செய்கைப் பிரதேசங்களின் பெரும்போக விளைச்சலைச் சரித்தது. உள்ளூராட்சி மன்றங்கள் அள்ளும் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது என்பது உண்மை. அதை வீட்டிலேயே பிரித்து வாங்கித் தரமான எருவாக்கப் பல ஆண்டுகள் எடுக்கும் என்பதும் உண்மை.

மீள்சுழற்சியின் மறுபக்கமாக இன்னொன்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். பழைய பொருளிலிருந்து செய்த பண்டம் புதியதின் இடத்தைப் பிடிக்காமல், அதன் அருகே கூடுதலாக விற்கப்பட்டால், மொத்த உற்பத்தி குறைவதற்குப் பதில் கூடும். இதனை சிங்க், கெயர் என்னும் ஆய்வாளர் இருவர் 2017 இல் வட்டப் பொருளாதாரத்தின் மீளெழு விளைவு என்றனர். போத்தலில் இருந்து செய்த பொலியெஸ்ரர்ச் சட்டையைப் பசுமைச் சட்டை என்று எண்ணி, தேவையில்லாமல் மூன்று வாங்குபவர் எந்தக் கப்பலையும் துறைமுகத்துக்கு வராமல் தடுக்கவில்லை.

இவ்வாறு பார்த்தால், திருகோணமலை மாவட்டத்தில் செய்யவேண்டியதன் வரிசை தெளிவாகிறது. வலை விற்கும் கடையே பழைய வலையைக் கிலோக் கணக்கில் ஏற்று, புதிய வலையின் விலையில் கழித்துக்கொடுக்கும் முறையை இறங்குதுறைகளில் மீன்பிடித் திணைக்களமும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கலாம். கழுவி உலர்த்தும் வேலைக்கு அங்கேயே கூலி கொடுக்கலாம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளும் கோயில் வீதிக் கடைகளும் விற்கும் தண்ணீர்ப் போத்தலுக்கு வைப்புப் பணம் வாங்கி, வாசலிலேயே திருப்பித் தரலாம். சேர்ந்தவற்றை அழுத்திக் கட்டும் இயந்திரத்தை உள்ளூராட்சி மன்றம் ஒன்று வைத்திருந்தால், மேற்கே போகும் லொறி காற்றைச் சுமக்கவேண்டியதில்லை. இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு வேண்டாம், மக்களின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வேண்டியது, போத்தலையும் வலையையும் சந்தைக்கு அனுப்புவோர் திருப்பியெடுக்கும் செலவின் ஒரு பங்கை ஏற்பதைச் சட்டத்தால் கட்டாயமாக்குவது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பை விலையில் அப்பங்கு இல்லை. பைக்குக் கொடுத்த காசு கடையோடு நின்றுவிடுகிறது, பையைத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.